தொட்டி மண்ணுல சுருண்டு கிடக்குற வெள்ளைப் புழு – எது வேரைத் தின்னும், எது தின்னாது?

கீரைப்பாத்தி:
வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். கத்திரிச் செடி ரெண்டு மூணு தொட்டியில திடீர்னு வாடிப் போச்சு, தண்ணி சரியாத்தான் ஊத்துறேன், மண்ணும் ஈரமாத்தான் இருக்கு, ஆனா மதியம் தொங்குற இலை சாயந்திரமும் நிமிர மாட்டேங்குது. ஒரு செடியைப் புடிச்சு லேசா இழுத்தேன், வேரே இல்லாம அப்படியே கையோட வந்துருச்சு. தொட்டியைக் கவுத்துப் பாத்தா வெள்ளையா சுருண்டு படுத்திருக்குற புழு, பழுப்புத் தலை, முன்னாடி ஆறு காலு. சரி இதுதான் காரணம்னு நெனச்சு கம்போஸ்ட் தொட்டியையும் கிளறிப் பாத்தேன், அங்க இதை விட குண்டு குண்டா நிறைய கிடக்கு. அதே புழுதானா? எல்லாத்தையும் கொன்னுரணுமா? உப்புத் தண்ணி ஊத்து, கொதிக்கிற தண்ணி ஊத்துன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

தொட்டிச்செடி:
யோசிக்கவே வேணாம் சகோ, எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து அழிச்சுருங்க. மிச்சம் இருக்குறதுக்கு குருணை மருந்து ஒரு பிடி போட்டு மண்ணைக் கிளறி விடுங்க. புழுன்னு வந்துட்டா நல்லது கெட்டதுன்னு பாத்துட்டு இருந்தா செடி மிஞ்சாது.

பூச்சிக்கண்:
கீரைப்பாத்தி, தயவு செஞ்சு கொஞ்சம் பொறுங்க. உப்பும் வேணாம் கொதிதண்ணியும் வேணாம், ரெண்டும் புழுவைத் தொடுறதுக்கு முன்னாடி வேரையும் மண்புழுவையும் முடிச்சுரும், உப்பு மண்ணுலயே தங்கி அடுத்து வைக்கிற செடியையும் கெடுக்கும். மருந்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல அது யாருன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா தொட்டியில இருந்ததும் கம்போஸ்ட்ல இருக்குறதும் ஒரே ஆளா இருக்கணும்னு அவசியமே இல்ல.

நீங்க சொன்ன அடையாளம், அதாவது சி எழுத்து மாதிரி வளைஞ்ச உடம்பு, பழுப்புத் தலை, ஆறு காலு, பின்பக்கம் உள்ள இருக்குற மண்ணு கருப்பா தெரியுறது, இது எல்லாமே ஸ்காராபெயிடே குடும்பத்து வண்டுகளோட புழு. அந்தக் குடும்பம் ரொம்பப் பெருசு. உயிருள்ள வேரைத் தின்னுறதும் அதுலதான் இருக்கு, மக்கின இலையையும் சாணத்தையும் மட்டும் தின்னு நமக்கு உரமாக்கிக் கொடுக்குறதும் அதுலதான் இருக்கு.

இப்ப ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. கம்போஸ்ட்ல இருந்து ஒரு புழுவை எடுத்து தரையிலயோ தட்டுலயோ விடுங்க, நிழல்ல, கொஞ்ச நேரம் தொடாம. மல்லாக்கப் படுத்து, காலு ஆறும் மேல பாத்துட்டு இருக்க, முதுகாலயே அலை அலையா நகர்ந்து போச்சுன்னா அது பூவண்டு வகையோட புழு. இதுங்களுக்கு தலை சின்னது, காலு குட்டை, பின்பக்கம் முன்பக்கத்தை விட தடிச்சிருக்கும். மக்குற பொருள்தான் சாப்பாடு. ஒருக்களிச்சுக் கிடந்து காலை உதைச்சு நகரப் பாத்தா, தலையும் உடம்புக்கு ஏத்த மாதிரி பெருசா காலும் நீளமா இருந்தா, வேர் தின்னுற வகையான்னு சந்தேகப்படலாம். செஞ்சு பாத்துட்டு சொல்லுங்க.

கீரைப்பாத்தி:
செஞ்சு பாத்தேன் பூச்சிக்கண்! கம்போஸ்ட்ல இருந்ததுல பெரும்பாலானது மல்லாந்துட்டு சரசரன்னு ஓடுது, பாக்கவே ஆச்சரியமா இருந்துச்சு. தொட்டியில இருந்தது ஒருக்களிச்சு சுருண்டே கிடக்கு. ஆனா கம்போஸ்ட்ல ரெண்டு மூணு மட்டும் ரொம்பப் பெருசு, விரல் நீளம் இருக்கு, அதுங்க மல்லாந்து போகல. அது தவிர பாத்தி மண்ணுல மஞ்சளா கெட்டியா கம்பி மாதிரி ஒண்ணு, வளையவே மாட்டேங்குது, அதையும் எடுத்து வச்சிருக்கேன்.

குப்பைமேடு:
அந்தப் பெருசு காண்டாமிருக வண்டோட புழுவா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. முழுசா வளர்ந்த புழு 6 செ.மீ.க்கு மேல போகும், தலையே கிட்டத்தட்ட 1 செ.மீ. அகலம் இருக்கும், அடர் பழுப்பு. இது ஒருக்களிச்சுதான் கிடக்கும், அதனால மேல சொன்ன மல்லாக்குற சோதனையில இது வேர்ப்புழு பக்கம் போய் நிக்கும். ஆனா புழுவா இருக்குறப்ப சாணக்குழி, மக்கின மரம், கம்போஸ்ட் இதைத்தான் தின்னும், உங்க கத்திரி வேருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சேதம் பண்றது வண்டு ஆனதுக்கு அப்புறம்தான், தென்னையும் பனை வகையும்தான் இலக்கு, விரியாத குருத்துக்குள்ள துளைச்சுட்டு உள்ள போயிரும், ஓலை விரியுறப்ப கத்திரியால வெட்டின மாதிரி முக்கோணமா வெட்டு தெரியும். அதனால சுத்துவட்டாரத்துல தென்னை, பனை இருந்தா அந்தப் புழுவை விடாதீங்க, எடுத்துருங்க. இதுல நான் கண்டிப்பாத்தான் இருப்பேன்.

பூச்சிக்கண்:
குப்பைமேடு சொன்னது ரொம்ப முக்கியம், நல்ல வேளை சொன்னீங்க. மல்லாந்து போனா வேரைத் தின்னாதுன்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிரலாம், ஆனா மல்லாந்து போகலைன்னா உடனே வேர்ப்புழுன்னு முத்திரை குத்த முடியாது. அடுத்த அடையாளம் வேணும். புழுவோட கடைசிக் கண்டத்துல அடிப்பக்கம் குட்டி குட்டி முடி வரிசை இருக்கும், லென்ஸோ போன்ல மேக்ரோவோ போதும். ஜப்பான் வண்டோட புழுவுக்கு அது வி வடிவத்துல நிக்கும், ஜூன் வண்டுன்னு சொல்ற ஃபில்லோஃபாகாவுக்கு ஜிப் மாதிரி ரெண்டு நேர் வரிசை, வேற சில வகைக்கு வரிசையே இல்லாம சிதறிக் கிடக்கும். மண்ணைத் தண்ணியில லேசா கழுவிட்டுப் பாருங்க, தெளிவா தெரியும்.

அந்த மஞ்சள் கம்பிக்கு பேரே கம்பிப்புழுதான். முதுகைத் திருப்பிப் போட்டா டக்குனு சத்தத்தோட துள்ளுமே அந்த வண்டோட குழந்தை. சில வகை கிழங்கையும் முளைக்குற விதையையும் துளைக்கும், சில வகை மத்த பூச்சியைத் தின்னும், ஒண்ணு ரெண்டு இருந்தா பதற வேணாம். உருளையோ கேரட்டோ போட்டா கவனிங்க. ஒரு துண்டு உருளையைக் குச்சியில குத்தி மண்ணுக்குள்ள புதைச்சு வச்சு சில நாள்ல எடுத்துப் பாத்தா அதுக்குள்ள வந்து சேர்ந்திருக்கும், அப்படியே எடுத்துப் போட்டுரலாம்.

கூடவே ஏமாத்துற இன்னும் சில ஆளுங்களைச் சொல்லிடறேன். தொட்டா சுருண்டுக்கும் ஆனா சாம்பலா பழுப்பா இருக்கும், வயித்துப் பக்கம் கூடுதலா தடிச்ச பொய்க்கால் இருக்கும்னா அது வண்டுப் புழுவே இல்ல, அந்துப்பூச்சியோட வெட்டுப்புழு. ராத்திரி வந்து நாத்தைத் தரை மட்டத்துல அறுத்துட்டுப் போறது அதுதான். வெள்ளையா சின்னதா வளைஞ்சிருக்கு, தலை பழுப்பு, ஆனா காலே இல்லைன்னா கூன்வண்டோட புழு, தொட்டிச் செடிக்கு அது ஒரு பெரிய தலைவலி, அதோட வண்டு இலை ஓரத்துல பல்லு பல்லா கடிச்சு வச்சிருக்கும். கம்போஸ்ட்ல தட்டையா சாம்பல் நிறத்துல கூட்டமா நெளியுறது கருப்பு சோல்ஜர் ஈயோட புழு, அது வேலைக்காரன், விட்டுருங்க. நீளமா கருப்பா பெரிய தாடையோட வேகமா ஓடினா அது தரைவண்டோட புழு, மத்த பூச்சிகளை வேட்டையாடுறது, அதைத் தெரியாம நசுக்குனா நமக்குத்தான் நஷ்டம்.

தொட்டிச்செடி:
இவ்வளவு பாத்துட்டு இருக்க எல்லாராலயும் முடியுமா சார்? ஒரு புழு லென்ஸுக்குள்ள போறதுக்குள்ள நாலு செடி போயிரும். பாத்தி பெருசா இருக்குறவங்களுக்கு மருந்துதான் ஒரே வழின்னு நான் நெனைக்கிறேன்.

மண்வாசம்:
தொட்டிச்செடி, உங்க பயம் நியாயமானது, வேர் போன செடி திரும்ப வராது. ஆனா குருணை போடுறதுல இருக்குற பெரிய சிக்கலே நேரம்தான், அதை யாரும் சொல்றதே இல்ல.

வண்டு மண்ணுக்குள்ள முட்டை போடும், ஈரமான மண்ணுதான் அதுக்கு வேணும், முட்டை மண்ணுல இருந்து தண்ணியை உறிஞ்சி ஊதும், காஞ்ச மண்ணுல பொரிக்காது. பொரிஞ்ச குட்டிப் புழு மேல் மண்ணுல நுண் வேரையும் மக்கையும் கடிச்சுட்டு இருக்கும், அப்ப யாருக்கும் கண்ணுக்கே தெரியாது. ரெண்டு தடவை தோல் உரிச்சு மூணாவது பருவத்துக்கு வர்றப்பதான் குண்டா ஆகி வேரைக் கண்டபடி அறுக்கும், செடி வாடும், நமக்குத் தெரியும். அந்த நேரத்துல அது ஆழத்துல இருக்கு, உடம்பும் பெருசு, மருந்து போய்ச் சேர்றதும் கஷ்டம், சேர்ந்தாலும் அசைக்குறது கஷ்டம். அதுக்கப்புறம் மண்ணுலயே உருண்டையா ஒரு அறை கட்டிக் கூட்டுப்புழு ஆயிரும், அப்ப சாப்பிடவே சாப்பிடாது, அந்த நேரம் போடுற மருந்து மொத்தமும் மண்புழுவுக்கும் தரைவண்டுக்கும்தான். பல வகைக்கு இந்தச் சுத்து ஒரு வருஷம், ஐரோப்பாவுல இருக்குற காக்சேஃபர்ங்குற வண்டு மாதிரி வகைக்கு 3, 4 வருஷம் கூட ஆகும்.

அதோட நிக்கல. வேர் வழியா உறிஞ்சப்படுற மருந்துன்னா பூவுல தேன்லயும் மகரந்தத்துலயும் போய் நிக்கும். இப்படி உறிஞ்சப்படுற ரகம்தான் நியோனிகோடினாய்டு, அதுல இமிடாக்ளோபிரிட் உட்பட 3 மருந்துகளைத் திறந்தவெளியில பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். சாப்பிடுற கத்திரியும் கீரையும் இருக்குற தொட்டியில, அளவு கூட சொல்லாம ஒரு பிடி போடுங்கன்னு சொல்றது எனக்குச் சுத்தமா ஒப்பல. லேபிள்ல அந்தப் பயிர் பேரு இல்லைன்னா போடவே கூடாது.

தொட்டிச்செடி:
அளவு பத்தி நீங்க சொன்னது சரி, அதை ஒத்துக்கறேன். ஆனா மருந்து வேணாம்னா என்னதான் பண்றது, அதைச் சொல்லுங்க.

மண்வாசம்:
தொட்டின்னா கைதான் முதல் மருந்து. கவுத்துங்க, மண்ணை உதிருங்க, எல்லாப் புழுவையும் பொறுக்குங்க, வேர் கொஞ்சமாவது மிச்சம் இருக்குற செடியை புது மண்ணுல வச்சு, மேல இலையைக் கொஞ்சம் குறைச்சுட்டு நிழல்ல வைங்க, பாதி வேர் இருந்தாக் கூட தேறிரும். பழைய மண்ணைத் தூக்கிப் போட வேணாம், கண்ணாடி மாதிரி தெளிவான பாலிதீன் ஷீட்ல மெலிசா பரப்பி, ஈரப்படுத்தி, மூடி, நல்ல வெயில் காலத்துல சில வாரம் விட்டா உள்ள இருக்குற முட்டை புழு எல்லாம் சூட்டுலயே போயிரும். இது பரப்பி வச்ச மண்ணுக்கு நல்லா வேலை செய்யும். பாத்தியில பண்ணா பெரிய புழு சூட்டுக்குப் பயந்து கீழ எறங்கிரும்.

பாத்தின்னா நடுறதுக்கு முன்னாடி ஒரு 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கிளறி சும்மா போடுங்க. மைனா, காக்கா, கோழி எல்லாம் வந்து பொறுக்கிக்கும், வெயிலும் மிச்சத்தைப் பாத்துக்கும். சதுர அடிக்கு ஒண்ணு ரெண்டு புழு தென்பட்டா ஒண்ணும் பண்ண வேணாம், வேர் நல்லா ஓடுன செடி அதைத் தாங்கிக்கும். புல்தரைக்கே சதுர அடிக்கு 5-லருந்து 10 வரைக்கும் பொறுத்துக்கலாம்னுதான் பொதுவா கணக்கு வச்சிருக்காங்க. தொட்டியில அப்படிப் பாக்க முடியாது, கொஞ்ச மண்ணு, கொஞ்ச வேரு, அங்க ரெண்டு புழுவே செடியைச் சாச்சுரும்.

இன்னொண்ணு, சாணத்தைப் பச்சையாவோ அரைகுறையாவோ போடாதீங்க, மக்காத உரத்துலதான் முட்டையும் புழுவும் சேர்ந்து வருது.

கீரைப்பாத்தி:
உயிரி மருந்துன்னு கடையில பி.டி. பவுடர் இருக்கே, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்னு ஒரு பாக்டீரியாவாம், புழுவுக்குன்னு போட்டிருக்கு, அதை மண்ணுல ஊத்தலாமா? டயட்டமேஷியஸ் மண்ணு, அதான் நுண்பாசி ஓட்டுப் பொடி, அதைத் தூவச் சொல்லியும் ஒருத்தர் சொன்னார்.

பூச்சிக்கண்:
சாதாரணமா கிடைக்குற பி.டி. குர்ஸ்டாகி வகை, அது இலை தின்னுற கம்பளிப்புழு மாதிரி பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுவுக்குத்தான், வண்டுப் புழுவுக்கு அது வேலை செய்யாது. வண்டுக்குன்னு கலேரியே மாதிரி வேற ரகம் தனியா இருக்கு. டயட்டமேஷியஸ் மண்ணு காஞ்சு இருந்தாத்தான் பூச்சியோட தோலைக் கீறி ஈரத்தை உறிஞ்சும், ஈரமான தொட்டி மண்ணுல கலந்தா அது வெறும் மண்ணுதான்.

உருப்படியானது ரெண்டு. ஒண்ணு மெட்டாரைசியம்னு ஒரு பூஞ்சை. 1879-ல மெட்ச்னிகாஃப்னு ஒரு விஞ்ஞானி இப்ப உக்ரைன்ல இருக்குற ஒடெஸாவுல கோதுமையைத் தின்னுட்டு இருந்த வண்டோட புழுவுல இருந்துதான் இதைக் கண்டுபிடிச்சு எழுதினார், அந்த வண்டு பேரு அனிசோப்ளியா, அதனாலதான் பூஞ்சைக்கு அனிசோப்ளியேன்னு பேரு. அதாவது இது ஆரம்பத்துலருந்தே வண்டுப் புழுவோட எதிரி. வித்து தோல்ல ஒட்டி முளைச்சு துளைச்சு உள்ள போகும், செத்த புழு மேல முதல்ல வெள்ளையா பூத்து அப்புறம் ஆலிவ் பச்சையா மாறும். நல்லா மக்கின உரத்துல கலந்து, ஈரப்பதமா நிழல்ல கொஞ்ச நாள் வச்சுட்டு மண்ணுல சேருங்க. குட்டிப் புழுவை நல்லா தாக்கும், பெருசுக்கு வாரக்கணக்குல ஆகும், ஒரே ராத்திரியில எதிர்பாக்காதீங்க. அதே சமயத்துல பூஞ்சைக்கொல்லி எதுவும் ஊத்தக் கூடாது, ஊத்துனா நாமளே அதைக் கொன்ன மாதிரி.

ரெண்டாவது பூச்சியைத் தாக்குற நூற்புழு. ஹெட்டெரோராப்டைட்டிஸ்னு பேரு பாத்து வாங்குங்க. ஸ்டைனெர்னெமா கார்ப்போகாப்சேன்னு ஒண்ணும் விக்கிறாங்க, அது மேல் மண்ணுல பதுங்கி நின்னு கிட்ட வர்றதைப் புடிக்கிற ரகம், ஆழத்துல அசையாம கிடக்குற வேர்ப்புழுவைத் தேடிப் போகாது. ஹெட்டெரோராப்டைட்டிஸ் தேடிப் போகும். உள்ள நுழைஞ்சு தன் வயித்துல சுமந்துட்டு வந்த பாக்டீரியாவை விடும், புழு சில நாள்ல செத்து செங்கல் நிறத்துக்கு மாறும், தோண்டிப் பாத்து அந்த நிறம் தெரிஞ்சா மருந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம். இது உயிருள்ள பொருள், வெயில் பட்டா செத்துரும், அதனால சாயந்திரம், மண்ணை முன்னாடியே நனைச்சு, ஊத்திட்டு திரும்ப ஒரு தடவை தண்ணி விட்டு, அடுத்த ஒரு வாரம் மண்ணைக் காய விடாம வைக்கணும்.

குப்பைமேடு:
வேப்பம்புண்ணாக்கை விட்டுட்டீங்களே?

மண்வாசம்:
வேப்பம்புண்ணாக்கு மண்ணுல கலக்குறது நல்ல பழக்கம்தான், முட்டை போட வர்ற வண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், குட்டிப் புழுவோட வளர்ச்சியையும் மந்தப்படுத்தும், கூடவே தழைச்சத்தும் கிடைக்குது. ஆனா மண்ணுல ஏற்கெனவே குண்டா மூணாம் பருவப் புழு இருக்குறப்ப அதை மட்டும் நம்பி உக்காந்தா ஏமாந்துருவோம். வருமுன் காக்குறதுக்குப் போடுங்க.

அதை விடப் பெரிய வேலை வண்டைப் புடிக்கிறது. நல்ல மழை பெஞ்சு மண்ணு நனைஞ்சதும் இருட்டுற நேரத்துல கூட்டமா மண்ணுல இருந்து கிளம்பும், பக்கத்துல இருக்குற மரத்துல உக்காந்து இலையைத் தின்னுட்டு ஜோடி சேரும், விடியுறதுக்குள்ள திரும்ப மண்ணுக்குப் போயிரும். அந்த சில சாயந்திரங்கள்தான் வருஷத்துலயே நமக்குக் கிடைக்குற நல்ல வாய்ப்பு. கீழ ஒரு துணியை விரிச்சு கிளையை உலுக்குங்க, விழுறதைச் சோப்புத் தண்ணியில போடுங்க. ஒரு பெட்டை வண்டைப் புடிச்சா அது போட இருந்த முட்டை அத்தனையும் மிச்சம். விளக்குப்பொறியும் வைக்கலாம், ஆனா அந்தி சாய்ஞ்ச ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும், ராத்திரி முழுக்க எரிய விட்டா நல்ல பூச்சியும் வந்து சாகும். தொட்டி வச்சிருக்கவங்க அந்த சீசன்ல மண்ணு மேல கொசுவலைத் துணியைச் செடித் தண்டைச் சுத்திக் கட்டி மூடிருங்க, முட்டை போட எடமே கிடைக்காது.

கீரைப்பாத்தி:
இன்னொரு சந்தேகம், கம்போஸ்ட் மேல ரெண்டு நாளா கருப்பா மஞ்சள் பட்டையோட பெரிய குளவி ஒண்ணு தாழப் பறந்துட்டே இருக்கு, வீட்டுல குழந்தைங்க இருக்காங்க, விரட்டணுமா?

பூச்சிக்கண்:
விரட்டாதீங்க! தாழ வட்டம் போட்டுப் பறந்து அப்பப்ப மண்ணுக்குள்ள எறங்குதுன்னா அது ஸ்கோலிட் குளவியா இருக்க ரொம்ப வாய்ப்பு. பெண் குளவி மோந்தே புழு இருக்குற இடத்தைக் கண்டுபிடிச்சு, தோண்டிட்டுப் போய், கொட்டி மயக்கி, அது மேல ஒரு முட்டை வச்சுட்டு வரும். அதோட குஞ்சு அந்தப் புழுவையே தின்னு வளரும். தனியா வாழ்ற குளவி, கூடு காக்க வேண்டியது இல்ல, அதனால துரத்திட்டு வந்து கொட்டாது, கையில புடிச்சு அழுத்துனாத்தான் ஆபத்து. குழந்தைங்களைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கச் சொல்லுங்க. பூ வச்சா இன்னும் வரும், வளர்ந்த குளவிக்குத் தேன்தான் சாப்பாடு.

தொட்டிச்செடி:
அப்ப கம்போஸ்ட்ல இருக்குற அந்த மல்லாந்து ஓடுற புழுவை அப்படியே விட்டுரலாமா? அது வண்டாகி பூவைத் தின்னாதா?

பூச்சிக்கண்:
நல்ல கேள்வி. பூவண்டு சில வகை மகரந்தத்தையும் வெடிச்சுப் பழுத்த பழத்தையும் நக்கும், ரோஜா வளர்க்குறவங்களுக்கு இதழ் கிழியுதேன்னு வருத்தம் இருக்கும். பச்சை ஜூன் வண்டுன்னு ஒரு வகையோட புழு மல்லாந்துதான் போகும், வேரைத் தின்னாது, ஆனா மண்ணைக் கிளறிக் கிளறி புல்லோட வேரைப் பிடிமானம் இல்லாம பண்ணும். ஆனாலும் கம்போஸ்ட் தொட்டிக்குள்ள இருக்குற வரைக்கும் அது பண்ற வேலைக்கு நான் விட்டுருவேன், ஒரு பெரிய இலைக் குவியலைத் தூளாக்கி, கரடுமுரடா உருண்டை உருண்டையா எச்சம் போட்டு வச்சிருக்கும், அதைக் கையில எடுத்துப் பாத்தா யாருக்கும் கொல்ல மனசு வராது.

குப்பைமேடு:
விடுங்க, ஆனா கம்போஸ்டை எடுத்துத் தொட்டியில போடுறதுக்கு முன்னாடி கண்டிப்பா சலிச்சுருங்க. அங்க சாப்பிட மக்கு இருக்கு, தொட்டியில தீர்ந்து போச்சுன்னா கையில கிடைச்ச இளவேரையும் கடிக்கப் பாக்கும், அதோட பெரிய வகைப் புழு ஏதாவது தெரியாம கலந்தும் போயிரும். சல்லடையில நிக்கிற புழுவைத் திரும்பக் கம்போஸ்ட் தொட்டியிலயே போட்டுருங்க, காண்டாமிருக வண்டுப் புழுவை மட்டும் தனியா எடுத்துருங்க.

மண்ணை யாருக்காவது கொடுக்குறப்பவும் இதே மாதிரி சலிங்க. இது சாதாரண விஷயம் இல்ல. காண்டாமிருக வண்டு 1909-ல சமோவா தீவுக்குப் போனது ரப்பர் நாத்தோட வந்த மண்ணுலதான், அங்கருந்து பசிபிக் தீவு பலதுல தென்னையை அழிச்சுது, பல வருஷம் கழிச்சு அந்த வண்டையே தாக்குற ஒரு வைரஸை 1960-கள்ல கொண்டு போய் விட்டதுக்கு அப்புறம்தான் கொஞ்சம் அடங்குச்சு. ஜப்பான் வண்டும் அப்படித்தான், 1916-ல அமெரிக்காவுல நியூ ஜெர்ஸி நர்சரி ஒண்ணுல முதல்ல தென்பட்டுது, கிழங்கோட வந்த மண்ணுல புழுவா வந்திருக்கும்னுதான் சொல்றாங்க. நாத்து வாங்குறப்ப கவரைக் கிழிச்சு வேர் மண்ணை ஒரு தடவை உதிர்த்துப் பாத்துட்டு நடுங்க.

கீரைப்பாத்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தொட்டி எல்லாத்தையும் கவுத்துப் பொறுக்கிட்டேன், ரெண்டு செடிக்கு வேர் கொஞ்சம் இருந்துச்சு, புது மண்ணுல மாத்தி நிழல்ல வச்சிருக்கேன். கடைசிக் கண்டத்தைப் போட்டோ எடுத்துருக்கேன், ரெண்டு நேர் வரிசை முடி தெரியுது. மெட்டாரைசியம் வாங்கி மக்குன உரத்துல கலந்து வைக்கப் போறேன். பாத்தியில எத்தனை ஆழத்துக்கு அதைச் சேர்க்கணும்?

மண்வாசம்:
மேலாகத் தூவிட்டு விட்டுறாதீங்க, வெயில்ல வித்து செத்துரும். வேர் ஓடுற ஆழம் வரைக்கும், 10-லருந்து 15 செ.மீ. போதும், கிளறி விட்டு உடனே தண்ணி விடுங்க, மேல காஞ்ச இலையோ வைக்கோலோ மூடாக்கா போடுங்க. அடுத்த மழை சீசனுக்கு முன்னாடி ஒரு தடவை கைப்பிடி மண்ணு எடுத்து உதிர்த்துப் பாத்துட்டு தேவைன்னா மட்டும் திரும்பப் போடலாம்.